‘நோ ப்ராப்ளம்’ பாடிய பர்மிங்காம்காரர்

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டி பஜாரில் அம்மன் கோயில் வாசலில் கூழ் அண்டா இறங்கியிருக்கிறது. வேப்பமரக் கிளையில் மைக் செட்காரர் கட்டிய இரண்டு புனல் குழாய்களில் எல்.ஆர்.ஈஸ்வரி முழங்குகிறார். நேர் எதிரே ஒரு ரீசார்ஜ் கடை. அதன் வாசலில் ஆளுயர ஸ்பீக்கர், அதிலிருந்து போஜ்புரிப் பாட்டு. வாரம் முழுக்க சிப்காட்டில் ரோலிங் மில்லிலும் ஃபவுண்டரியிலும் ஷிப்ட் பார்த்த பீகார், ஒடிசா, அஸ்ஸாம் பையன்கள் அங்கே கூட்டமாக நிற்கிறார்கள். ஒருவன் கையில் கூழ் டம்ளர். எந்தப் பாட்டுக்கு அவன் தலை ஆடுகிறது என்று பார்த்தால், இரண்டுக்கும் இல்லை. இரண்டும் மோதிக்கொள்ளும் இடத்தில் மூன்றாவதாக ஒரு அடி விழுகிறதே, அதற்கு.

இதே மாதிரி ஒரு மோதலிலிருந்துதான், கடல் கடந்த ஒரு இரும்பு ஊரில், உலகம் முழுக்க விற்ற ஒரு ரெகே பாட்டுக்காரர் கிளம்பினார். ஊர் இங்கிலாந்தின் பர்மிங்காம். பேட்டை ஹேண்ட்ஸ்வொர்த். அவர் பெயர் ஸ்டீவன் கபூர். அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘அப்பாச்சி இந்தியன்’ என்றால் தொண்ணூறுகளில் கேசட் வாங்கியவர்களுக்கு உடனே மண்டையில் மணி அடிக்கும். ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தில் பிரபுதேவாவோடு ‘நோ ப்ராப்ளம்’ பாட்டில் வந்தவர்!

கும்மிடிப்பூண்டியில் இன்று இந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு அர்த்தம் வரும். இளவட்டங்களுக்கு அப்பாச்சி என்றால் டிவிஎஸ் பைக். இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் அப்பாச்சி என்றால் அப்பாவின் அம்மா. ஜமைக்காவின் ரெகே இசைக்கும் இந்தப் பெயருக்கும் என்ன உறவு என்பது அதைவிடச் சுவையான கதை.

பெயர் வந்த வழி

1845 மே 10. ‘பிளண்டெல்’ என்ற கப்பல் ஜமைக்காவின் ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் இந்தியக் கூலிகளை இறக்கியது. அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை, அதனால் ஒப்பந்தக் கூலி. 1917 வரை சுமார் 36,000 பேர் இப்படிப் போனார்கள். பெரும்பாலும் வட இந்தியர்கள், சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களும் உண்டு. அவர்கள் கொண்டுபோன ‘கஞ்சா’ என்ற சொல் ஜமைக்காவில் இன்றும் அதே உச்சரிப்பில் வாழ்கிறது. ரஸ்தஃபாரி சமய இயக்கத்தின் முன்னோடி லியோனார்டு ஹவல் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயரில் ‘மராக்’ என்று ஒரு பகுதி வரும். நம் ‘மகாராஜ்’தான் அங்கே போய் அப்படித் தேய்ந்தது.

எண்பதுகளில் ஜமைக்காவின் டான்ஸ்ஹால் மேடைகளைக் கலக்கிய சூப்பர் கேட் என்ற கலைஞரின் குடும்பப் பெயரும் மராக். கூலிகளின் வாரிசு. அவருக்கு ‘வைல்டு அப்பாச்சி’ என்று ஒரு பட்டப்பெயர். பர்மிங்காமில் அவரைக் கேட்டுக் கிறங்கிய பஞ்சாபிப் பையன் அந்த ‘அப்பாச்சி’யை எடுத்து, பக்கத்தில் ‘இந்தியன்’ ஒட்டிக்கொண்டான். அமெரிக்கச் செவ்விந்தியர்களிடமிருந்து அவர் நேராக எடுத்த பெயர் இல்லை இது. கப்பலேறிப் போன இந்தியர்களின் வாரிசு ஒருவரின் பட்டப்பெயர், நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு இன்னொரு கப்பலேறிய இந்தியக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

பெட்டிச் செய்தி: காலியான ‘ஒன்று’

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே மேசையில் தட்டிப் பாருங்கள். நம்மூர் குத்துப்பாட்டில் கனமான அடி ‘ஒன்றில்’ விழும். ரெகேயின் பிரபலமான ‘ஒன் டிராப்’ தாளத்தில் ஒன்று காலி. பேஸ் டிரம்மும் ஸ்நேரும் சேர்ந்து மூன்றில் விழும். இடைவெளிகளில் கிதாரோ கீபோர்டோ ‘சக்… சக்…’ என்று வெட்டிக்கொண்டு போகும். அடியில் பேஸ் கிதார்தான் உண்மையில் பாட்டை நடத்திச் செல்லும். கச்சேரிகளில் தாளம் போட்டுவிட்டு அரை இடம் தள்ளிப் பாட்டை எடுப்பார்களே, அந்தச் சுகம் தெரிந்த காதுக்கு ரெகே அந்நியமாகவே இருக்காது. 2018 நவம்பரில் ஜமைக்காவின் ரெகேயை யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டம் நடந்த இடம், தமிழர்களும் வாழும் மொரிஷியஸின் தலைநகர் போர்ட் லூயி.

இரும்பு ஊர்

பர்மிங்காமுக்கு மேற்கே ஒட்டிய பகுதிக்கு ‘பிளாக் கன்ட்ரி’ என்று பெயர். கரியும் புகையும் வைத்த பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே உலைக்கும் வார்ப்புக்கும் ஆள் போதவில்லை. ஜமைக்காவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் முதலில் ஆண்கள் மட்டும். ஒரு அறையில் ஐந்தாறு பேர். ஒருவன் பகல் ஷிப்ட் போகும்போது, இரவு ஷிப்ட் முடித்தவன் அதே கட்டிலில் படுப்பான். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவதுதான் எல்லோருடைய திட்டமும்.

இதைப் படிக்கும்போது கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்குச் சிரிப்பு வரலாம். சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் இன்று நடப்பது அதேதான்.

உள்ளூர்க்காரர்களின் முணுமுணுப்பும் அதேதான். 1964 பொதுத் தேர்தலில் ஹேண்ட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்து ஊரான ஸ்மெதிக்கில் வெளிப்படையான நிறவெறிப் பிரசாரம் செய்து ஒரு வேட்பாளர் ஜெயித்தார். அங்கே வீடு வாடகைக்கு வேண்டும் என்றால் தோல் நிறம் பார்த்தார்கள். 1965 பிப்ரவரியில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அழைப்பில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் நேரில் வந்து அந்த ஊரின் மார்ஷல் தெருவில் நடந்தார். ஒன்பதே நாட்களில் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அழைத்தவர்கள் ஃபவுண்டரியில் வேலை பார்த்த பஞ்சாபிகள் என்பது அவர் வரலாற்றைப் படிக்கும் பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் செய்தி.

பர்மிங்காம் இசைக்கும் இரும்புக்கும் உள்ள பந்தம் விசித்திரமானது. ‘பிளாக் சப்பாத்’ குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில் பர்மிங்காமின் தகடு வெட்டும் ஆலையில், வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில், இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிரஸ் ஷாப்பில் விரல் போவது எந்தத் தொழிற்பேட்டைக்கும் புதுச் செய்தி இல்லை. அவர் உருக்கிய பிளாஸ்டிக்கில் விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார், கம்பிகளைத் தளர்த்தினார். அந்தக் கனத்த ஓசைதான் ஹெவி மெட்டல் ஆனது. ‘யுபி 40’ குழுவின் பெயர் வேலையில்லாதவர்கள் உதவித்தொகைக்கு வைத்திருந்த ஒரு படிவத்தின் எண். ‘ஸ்டீல் பல்ஸ்’ ஹேண்ட்ஸ்வொர்த்தின் ரெகே குழு. 1978இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயரிலேயே ஹேண்ட்ஸ்வொர்த் உண்டு.

ஸ்டீவன் கபூர் அந்தப் பேட்டையில் 1967 மே 11 அன்று பிறந்தார். அவருடைய 14வது பிறந்தநாளில்தான் பாப் மார்லி மியாமி மருத்துவமனையில் இறந்தார்.

மைக் செட்டும் சவுண்ட் சிஸ்டமும்

ஜமைக்கா இசையின் இதயம் ‘சவுண்ட் சிஸ்டம்’. பீரோ அளவு ஸ்பீக்கர்களைத் தெருவில் அடுக்கி, ரெக்கார்டு போட்டு ஊரையே கூட்டுவது. நம்மூர் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்குள் யாருடைய பாக்ஸ் அதிரும் என்று போட்டி இருக்கும் இல்லையா, அதே போட்டி அங்கேயும். ரெக்கார்டின் மறுபக்கத்தில் பாடகர் குரலை எடுத்துவிட்டு வெறும் இசையை மட்டும் வைத்திருப்பார்கள். அதற்கு மேல் ஒருவர் மைக் பிடித்து, பேச்சும் பாட்டுமாக, அன்றைய ஊர் வம்பையெல்லாம் சேர்த்து வீசுவார். அங்கே ‘டீஜே’ என்றால் அவர்தான். நம்மூரைப் போல ரெக்கார்டு ஓட்டுபவர் இல்லை.

ஹேண்ட்ஸ்வொர்த்தில் ஜமைக்கர்கள் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டில் கபூர் தொற்றிக்கொண்டார். சடை வளர்த்தார், பிறகு வெட்டினார். பள்ளியிலும் தெருவிலும் ஜமைக்கப் பேச்சு, வீட்டில் பஞ்சாபி, வேலைக்கு ஆங்கிலம். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழைத்தார். யோசித்துச் செய்த பரிசோதனை இல்லை அது. அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் பேசினார்கள். அவர் அதைத் தாளத்தில் பேசினார்.

பெட்டிச் செய்தி: ஒலித்தட்டு ஜாதகம்

1990இல் ‘மூவி ஓவர் இந்தியா’. பெயர் அச்சிடாத வெள்ளை லேபிள் தட்டாகத்தான் முதலில் வெளிவந்தது, பிறகு ரெகே விநியோக நிறுவனமான ஜெட் ஸ்டார் எடுத்துக்கொண்டது. 1991இல் ‘சக் தேர்’, ‘டான் ராஜா’. 1992இல் பாப் மார்லியை உலகுக்குக் கொண்டுபோன ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம். 1993இல் ‘நோ ரிசர்வேஷன்ஸ்’ ஆல்பம், அந்த ஆண்டின் மெர்க்குரி பரிசுக்குப் பரிந்துரை. அதே ஆண்டு ‘அரேஞ்சுடு மேரேஜ்’ பிரிட்டிஷ் தரவரிசையில் 16வது இடம், ‘பூம் ஷக்-அ-லக்’ 5வது இடம். 1994இல் ‘டம்ப் அண்ட் டம்பர்’ ஹாலிவுட் படத்தில் ‘பூம் ஷக்-அ-லக்’. 1995இல் ‘மேக் வே ஃபார் தி இந்தியன்’. 1996 பொங்கலுக்கு ‘லவ் பேர்ட்ஸ்’.

ஜமைக்காவுக்கே திரும்பப் போன தட்டு

‘நோ ரிசர்வேஷன்ஸ்’ ஜமைக்காவில் பதிவானது. பாபி டிஜிட்டல், ஸ்லை டன்பர் போன்ற அந்த ஊர்ப் பெருந்தலைகள் தயாரிப்பில் கை வைத்தார்கள். டிரம்ஸில் ஸ்லை டன்பரின் கைக்கு ரெகே உலகில் கோயிலே கட்டுவார்கள். பர்மிங்காம் பஞ்சாபி ஒருவனை அவர்கள் வேடிக்கைப் பொருளாகப் பார்க்காமல் தாளத்தில் நிற்கிறானா என்று பார்த்தார்கள். நின்றான்.

இன்று அந்த ஆல்பத்தைக் கேட்டால், கேலிப்பாட்டு என்று பெயர் வாங்கிய ‘அரேஞ்சுடு மேரேஜ்’தான் ரொம்பக் கூர்மையாக இருக்கிறது. அதே ஆண்டு தனியாக வந்த ‘பூம் ஷக்-அ-லக்’ ஆட்டத்துக்கு நல்லது, அதில் தோண்டி எடுக்க ஒன்றுமில்லை. கல்யாணப் பாட்டில் விஷயம் இருக்கிறது. நிச்சயித்த கல்யாணத்தை அவர் கேலி செய்கிறாரா, ஆசைப்படுகிறாரா என்று வரிக்கு வரி சந்தேகம். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் உண்மையான குழப்பம் அதுதான். எய்ட்ஸ் பற்றி ஒரு பாட்டு, குடிப்பழக்கத்தைப் பற்றி ஒரு பாட்டு என்று அதே தட்டில் வைத்தார். சொந்த சமூகம் வீட்டுக்குள் பூட்டி வைத்த சங்கதிகள்.

எதிர்ப்பும் வந்தது. கறுப்பர்களின் துயர இசையை ஒரு ஆசியர் எடுத்து விற்கிறார் என்றார்கள் சிலர். பெரியவர்களுக்கு நம் பையன் இப்படி ஆடுகிறானே என்ற கூச்சம். ஆனால் அந்தப் பேட்டையில் தட்டுகளை வாங்கியவர்கள் இரு பக்கத்துப் பிள்ளைகளும்தான்.

1995க்குப் பிறகு வேகம் குறைந்தது. இரண்டாவது ஆல்பம் முதலாவதைப் போல எடுபடவில்லை. பெரிய கம்பெனிகளுக்கு ‘புதுமை’ என்ற சரக்குக்கு ஆயுள் இரண்டு வருஷம்தான். அப்பாச்சி இந்தியன் நிற்கவில்லை. தொடர்ந்து தட்டுகள் வெளியிட்டார், ஹேண்ட்ஸ்வொர்த்திலேயே கல்லூரி ஒன்றில் தன் பெயரில் இசைப் பயிற்சிக் கூடம் ஏற்படுத்தினார்.

கோடம்பாக்கத்தில் ரெகே

நாம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அவருடைய முதல் ஆல்பம் வருவதற்கு முந்தைய ஆண்டே, 1992இல், ‘ரோஜா’வின் ‘சின்னச் சின்ன ஆசை’ தமிழ்நாட்டின் எல்லாத் தேநீர்க் கடைகளிலும் ஓடிக்கொண்டிருந்தது. மின்மினியின் குரலையும் வைரமுத்துவின் வரிகளையும் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு அடியில் ஓடும் தாளத்தை மட்டும் கேளுங்கள். ரெகே! அதை அப்படிப் பெயர் சொல்லி யாரும் கேட்கவில்லை, ஏ.ஆர்.ரஹ்மான் என்ற புதுப் பையனின் பாட்டு என்றுதான் கேட்டார்கள். இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தேசிய விருது கிடைத்தது.

எழுபதுகளின் கடைசியில் ‘போனி எம்’ கேசட் வைத்திருந்த வீடுகளுக்கு அதற்கும் முன்பே ரெகே வந்துவிட்டது. ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ மூலத்தில் 1970இல் ஜமைக்காவின் ‘மெலோடியன்ஸ்’ பாடியது. அதையும் யாரும் ஜமைக்காப் பாட்டு என்று நினைக்கவில்லை.

1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ ஹிட்டான பிறகு, தாளத்தில் பேசும் பாட்டுக்குத் தமிழில் கதவு திறந்துவிட்டது. அதன் வழியாகத்தான் ரஹ்மான் அசல் ஆளையே கூட்டிவந்தார். பி.வாசு இயக்கிய ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தின் ‘நோ ப்ராப்ளம்’ அவர்கள் இருவரின் சந்திப்பு. நேர்மையாகச் சொன்னால் ரஹ்மானின் சிறந்த பத்துப் பாட்டில் இது வராது. அதே படத்தில் சித்ராவும் ஹரிஹரனும் பாடிய மெலடி இதை மூடிவிட்டது. படமும் பெரிதாக ஓடவில்லை. ஆனாலும் 1845இல் கப்பலேறிய ஒரு தொடர்பு கோடம்பாக்கம் வரை வந்து நின்றதற்கு அந்தப் பாட்டு ஒரு ரசீது.

அடுத்த சுற்று ஒரு தமிழ்ப் பெண்ணுடையது. மாதங்கி அருட்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ. லண்டனில் 1975இல் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் 1986இல் லண்டனுக்குத் திரும்பி அகதிக் குடியிருப்பில் ஆங்கிலம் கற்றவர். அவர் ரெகே பாடகி இல்லை, ஆனால் டான்ஸ்ஹாலின் பேச்சுப்பாட்டு அவருக்குத் தாய்ப்பால் மாதிரி. தாயின் பெயர் வைத்த ‘கலா’ ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உறுமிக் கலைஞர்களைப் பதிவு செய்தார். 2007இல் வந்த அந்த ஆல்பத்தின் ‘பாய்ஸ்’ பாட்டில் அந்த மேளங்கள் அதிரும். அந்தப் பாட்டின் காட்சிகளை அவர் எடுத்தது ஜமைக்காவில்! உறுமிக்கு கிங்ஸ்டன் தெருப் பையன்கள் ஆடுகிறார்கள். ஒருமுறையாவது ஹெட்போன் போட்டுக் கேட்க வேண்டிய பதிவு.

டெல்லியில் வேறொரு கிளை. ‘டெல்லி சுல்தானேட்’ என்ற பெயரில் பாடும் தாரு டால்மியா ரெகேயை மீண்டும் போராட்டப் பாட்டாக்கினார். பஞ்சாபின் தலித் பாடகர் பந்த் சிங் 2006 ஜனவரியில் ஆதிக்க சாதிக்காரர்களால் தாக்கப்பட்டு இரு கைகளையும் ஒரு காலையும் இழந்தவர். அவருடன் சேர்ந்து டால்மியாவின் குழு பாடல்கள் பதிவு செய்தது. பர்மிங்காமில் பஞ்சாபிப் பையன் பிடித்துக்கொண்ட தாளம் பஞ்சாபின் கிராமத்துக்கே வந்து சேர்ந்தது இப்படி.

கும்மிடிப்பூண்டியில் ஏன் இன்னும் இல்லை?

கேள்வி இங்கேதான் கனக்கிறது. உலை இருக்கிறது, ஐந்தாறு மொழி இருக்கிறது, தெருவில் மோதும் ஸ்பீக்கர் இருக்கிறது. தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கொட்டியதற்கு எதிராக 2017இல் டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ வந்தது. வட சென்னையிலிருந்து கானா வந்தது. மேற்கே அரக்கோணத்திலிருந்து ராப் பாடகர் அறிவு வந்தார். கும்மிடிப்பூண்டியின் கலவைக்கு மட்டும் ஏன் ஒரு குரல் இல்லை?

பதில் இசையில் இல்லை, ஒரு சட்டத்தில் இருக்கிறது. 1962 ஜூலையில் பிரிட்டன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. ஆட்களைத் தடுக்கத்தான் போட்டார்கள். நடந்தது தலைகீழ். ஊருக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று பயந்த ஆண்கள், பெண்டாட்டி பிள்ளைகளை வரவழைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் ஜமைக்கப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன. ஸ்டீவன் கபூரின் தலைமுறை அதுதான். இரண்டாம் தலைமுறை இல்லாவிட்டால் கலவை இசை பிறக்காது. முதல் தலைமுறை ஊர்ப் பாட்டையே போனில் கேட்டுக்கொண்டு ஊரை நினைத்துக்கொண்டிருக்கும்.

கும்மிடிப்பூண்டிக்கு வருபவர்களுக்கு அப்படி ஒரு கதவு மூடவில்லை. சத் பூஜைக்கு ரயிலேறலாம், பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் சூரத்துக்கோ லூதியானாவுக்கோ போகலாம். லேபர் காண்ட்ராக்டருக்கும் அதுதான் வசதி. வேர் விடாத ஆளுக்கு வீட்டு வாடகைப்படி கேட்கத் தெரியாது, சங்கம் சேரத் தெரியாது. ஆறு பேர் அறையில் தொட்டில் கட்ட இடமும் இல்லை. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவே விசாரிக்க வந்தது. தாக்குதல் என்ற செய்தி பொய். ஆனால் அதை நம்பிக் கிலி பிடிக்கும் அளவுக்கு இரு தரப்புக்கும் இடையில் பேச்சே இல்லை என்பது பொய் இல்லை.

இலங்கைத் தமிழர் முகாமின் கதை வேறு. அங்கே இரண்டாம் தலைமுறை மட்டுமல்ல, மூன்றாவதும் இங்கேயே பிறந்துவிட்டது. 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை அரசு ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது, குடியுரிமைக் கேள்வி மாறவில்லை. வீட்டில் யாழ்ப்பாணத்துத் தமிழும், வாசலில் திருவள்ளூர்த் தமிழும், எல்லை தாண்டி வரும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஹேண்ட்ஸ்வொர்த் சாயல் இந்தத் தாலுகாவில் எங்காவது உண்டென்றால் அங்கேதான்.

மெல்ல வேறு மாற்றமும் தெரிகிறது. குடும்பத்தோடு வரும் வட மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள். 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில், சென்னைப் புறநகர் அரசுப் பள்ளியில் படித்த பீகார்ப் பெண் ஒருத்தி தமிழில் 90க்கு மேல் எடுத்தது செய்தியானது. அந்தப் பிள்ளைகள் மதியச் சத்துணவு வரிசையில் தமிழில் சண்டை போடுகிறார்கள், வீட்டுக்குப் போய் மைதிலியில் அழுகிறார்கள்.

பஜாரில் கூழ் தீர்ந்துவிட்டது. இரவு கும்பத்துக்கு மைக் செட்காரர் ஒயரை மாற்றிக்கொண்டிருக்கிறார். ரீசார்ஜ் கடைக்காரரின் மகன், ஏழெட்டு வயது இருக்கும், ஸ்டாண்டில் நிற்கும் மைக்கைச் சுற்றிச் சுற்றி வருகிறான். மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபையரைப் போட்டுவிட்டு அவனைப் பார்த்துத் தலையசைக்கிறார். பையன் எட்டிப் பிடிக்கிறான். “ஹலோ… ஹலோ… மைக் டெஸ்ட்… ஏக், தோ, மூணு…”

குழாய் ஒருமுறை கீச்சிட்டு அடங்குகிறது. அவர் ட்ரெபிளைக் குறைத்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொல்கிறார்.